தலைகீழாய்க் கிடந்த எழுத்து

நம் அண்ணாமலையார் திருக்கோயிலில் கல்வெட்டுப் படிப்போர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அரசன் பெயர் சிதைந்த சோழர் கல்லில் ‘கோப்பரகேசரி’ என்னும் பட்டம் மட்டும் எஞ்சியிருந்தால், ‘இராசகேசரி’ எனப்பட்ட மன்னரெல்லாம் விலகிவிடுவர். மற்றவருள் இன்னார் என்பதை எழுத்தின் வடிவமும் ஆட்சியாண்டும் பிறவும் சொல்ல வேண்டும். பட்டம் ஆளைச் சொல்லாது. ஆளைத் தேடும் வெளியைக் குறுக்கும். போர்க்காலப் புகைப்படத்தில் நொறுங்கிக் கிடக்கும் விமானத்தை இனங்காணும் கலையும் ஏறக்குறைய இத்தகையதே.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினர். மறுநாள் ‘ரியூஜோ’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்த விமானங்கள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. சென்னை நகரம் அஞ்சிக் காலியாயிற்று. உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர்.

கொழும்பிலிருந்து ஏழு விமானங்கள் திரும்பவில்லை. அவற்றுள் ஆறு, செங்குத்தாய்ப் பாய்ந்து குண்டு வீசுபவை. ‘ஜீரோ’ எனப்பட்ட சண்டை விமானம் ஒன்றே ஒன்று. படத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது. முன்னதன் சக்கரங்கள் உறையணிந்து எப்போதும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்; அதில் இருவர் அமர்வர். ஜீரோவின் சக்கரங்கள் பறக்கையில் இறக்கைக்குள் மடங்கிவிடும், ஒருவனுக்கே இடம். அதன்பின் வாலைப் பார்க்க வேண்டும். அங்குள்ள எழுத்துகள் எந்தக் கப்பலின் விமானம் என்று கூறும். நூறுகளில் தொடங்கும் எண் சண்டை விமானத்தையும், இருநூறுகளில் தொடங்குவது குண்டுவீச்சு விமானத்தையும் குறிக்கும்.

இம்முறைக்குச் சிறந்த சான்று வெகுதொலைவில், அலாஸ்காவை ஒட்டிய அக்குட்டான் தீவில் கிடைத்தது. 1942 ஜூன் 4 அன்று டச்சுத் துறைமுகத்தைத் தாக்க வந்த ஜீரோ ஒன்று குண்டடிபட்டு எண்ணெய் ஒழுகிற்று. அதன் விமானி தடாயோஷி கோகா, வயது பத்தொன்பது. பச்சைப் புல்வெளி என்றெண்ணி அவன் இறங்கிய இடம் சதுப்பு. சக்கரம் சேற்றில் சிக்க, விமானம் குப்புறக் கவிழ்ந்தது; அவன் மாண்டான். உடன் வந்தவர்களுக்கோ, பகைவர் கையில் சிக்கக்கூடிய விமானத்தைச் சுட்டழிக்க வேண்டும் என்பது கட்டளை. தோழன் உயிரோடிருக்கலாம் என்றெண்ணி அவர்கள் சுடவில்லை. போர் வரலாற்றில் இத்தகைய இரக்கங்களுக்குக் கணக்கு எழுதுவார் இலர்.

ஜூலை 10 அன்று அமெரிக்க ரோந்து விமானம் ஒன்று அதைக் கண்டது. அப்போது எடுத்த படங்களில் ஜீரோவின் அடிவயிறு வானம் பார்த்திருக்கிறது. வாலில் ஆங்கில ‘டி’யும் ரோமன் ஒன்றும் 108 என்ற எண்ணும் தலைகீழாய் உள்ளன. ‘டி’ நான்காம் விமானந்தாங்கிப் பிரிவைக் குறிக்கும். அதன் முதற்கப்பல் ரியூஜோ! ஆம், இரண்டு மாதங்களுக்கு முன் வங்கக் கடலில் நம் கரையை நடுங்கவைத்த அதே கப்பல்தான்.

விமானத்தைப் பழுதுபார்த்து அந்தச் செப்டம்பரிலேயே பறக்கவிட்டு, அதன் வலிமையையும் மெலிவையும் அமெரிக்கர் கற்றனர். அதன் வரிசை எண் 4593 என்பதும் பதிவாயிற்று. இரும்புக்கு இத்தனை அடையாளம் இருந்தும் இறந்தவனுக்கு ஒன்றும் இல்லாது போயிற்று. தீவில் புதைத்திருந்த அவன் உடலை 1947இல் தோண்டியெடுத்து, அடாக் தீவில் ‘அடையாளம் தெரியாதவர்’ என்று மீண்டும் புதைத்தனர். 1953இல் அங்கிருந்து 236 பேரின் எச்சங்கள் ஜப்பானுக்குச் சென்றன. பதின்மூவரே பெயரால் அறியப்பட்டனர்.

பின்னாளில் ஜிம் ரியர்டன் என்னும் அலாஸ்கா எழுத்தாளர் பதிவுகளைத் தேடி, கோகாவின் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆராய்ந்தார். பெயரற்ற மற்ற 223 பேரின் எச்சங்கள் டோக்கியோவில் சிதோரிகாபுச்சி நினைவிடத்தில் உள்ளன. கோகா அவற்றுள் இருக்கக்கூடும். எது அவன் என்பதைச் சொல்ல எழுத்து ஒன்றும் இல்லை.