பத்து நிமிட மௌனமும் ஐந்து நிமிடப் பேச்சும்

ஜப்பானில் தேசியப் பள்ளி நூலகச் சங்கமும் மைனிச்சி நாளிதழும் சேர்ந்து 1955 முதல் மாணவர்களின் வாசிப்பைக் கணக்கெடுத்து வருகின்றன. மே மாதத்தில் எத்தனை புத்தகம் படித்தாய் என்பது அதில் முக்கியமான கேள்வி. அண்மை ஆண்டுகளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் சராசரி 12 புத்தகங்களைத் தாண்டுகிறது. மேல்நிலைப் பள்ளிக்கு வரும்போது அது 2-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த மாதம் ஒரு புத்தகம்கூடப் படிக்காத மேல்நிலை மாணவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். இத்தனைக்கும், பள்ளிதோறும் நூலகம் இருக்க வேண்டும் என்று 1953-லேயே சட்டம் போட்ட நாடு அது. அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

இந்த நிலையை மாற்ற ஜப்பானியப் பள்ளிகள் கையாளும் முறைகளில் இரண்டு பரவலானவை. ஒன்று காலை வாசிப்பு. மற்றது பிப்லியோபேட்டில் என்னும் புத்தகப் போட்டி. முன்னதில் யாரும் வாய் திறப்பதில்லை. பின்னது முழுக்கப் பேச்சு.

பிறந்த விதம்

காலை வாசிப்பு 1988-ல் சிபா மாகாணத்தின் ஃபுனாபாஷி நகரில், ஒரு தனியார் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தொடங்கியது. யோசனையைச் சொன்னவர் அங்கே ஆசிரியராக இருந்த ஹயாஷி ஹிரோஷி. அதை வகுப்பறையில் நடத்திக் காட்டி ஊர் ஊராகக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் அவருடைய சக ஆசிரியை ஒட்சுகா எமிகோ. முதல் பாடவேளைக்கு முன் 10 நிமிடம் வாசிப்பு. அதற்கு நான்கு விதிகள்: எல்லோரும் படிக்க வேண்டும், தினமும் படிக்க வேண்டும், பிடித்த புத்தகத்தைப் படிக்கலாம், படித்தால் மட்டும் போதும். ‘எல்லோரும்’ என்பதில் ஆசிரியரும் அடக்கம். மாணவர்கள் படிக்கும்போது அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பிப்லியோபேட்டில் பிறந்தது பள்ளியில் அல்ல, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். 2007-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தானிகுச்சி தாதாஹிரோ, தங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்து எந்த நூலைப் படிப்பது என்று தேர்ந்தெடுப்பதற்காக இதை வகுத்தார். படித்து ரசித்த ஒரு புத்தகத்தோடு ஒவ்வொருவரும் வருவார்கள். ஆளுக்கு 5 நிமிடம் பேச்சு, அதன்பின் 2 அல்லது 3 நிமிடம் கேள்வி பதில். எல்லோரும் பேசி முடித்ததும் வாக்கெடுப்பு. ‘எந்தப் புத்தகத்தைப் படிக்க ஆசை வந்தது?’ என்பது மட்டுமே கேள்வி. அதிக வாக்கு பெற்ற நூல் அன்றைய வெற்றி நூல். அச்சடித்த தாளோ திரையில் படமோ கிடையாது. எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கவும் கூடாது. பல்கலைக்கழகங்களிலிருந்து பொது நூலகங்களுக்கும், அங்கிருந்து பள்ளிகளுக்கும் இது பரவியது. மேல்நிலை மாணவர்களுக்குத் தேசிய அளவிலான போட்டியும் நடக்கிறது.

எங்கே ஒத்துப்போகின்றன

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று தியானம் போலவும் மற்றது பட்டிமன்றம் போலவும் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே பழக்கத்துக்கு எதிராக நிற்கின்றன. ஜப்பானில் கோடை விடுமுறை என்றால் வாசிப்புக் கட்டுரை எழுதிவர வேண்டும். அதற்கான தேசியப் போட்டியும் 1955 முதல் நடந்துவருகிறது. கட்டுரைக்கு அஞ்சியே புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள் உண்டு. காலை வாசிப்பு அந்தச் சுமையை அடியோடு நீக்கிவிட்டது: படித்ததற்குச் சான்று கேட்பதில்லை, மதிப்பெண் இல்லை. பிப்லியோபேட்டில் வேறு வழியில் அதையே செய்கிறது. மாணவர் பேசுவது ஆசிரியரிடம் அல்ல, தம் வயதுத் தோழரிடம். வாக்கு விழுவதும் பேச்சாளருக்கு அல்ல, புத்தகத்துக்கு.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இரண்டிலும் மாணவரிடமே இருக்கிறது. காலை வாசிப்பில் மங்கா என்னும் படக்கதை நூல்களையும் வார இதழையும் ஒதுக்கும் பள்ளிகள் பல. அதைத் தவிர்த்தால் துப்பறியும் கதையோ, சமையல் வரலாறோ, பூச்சிகளைப் பற்றிய நூலோ, எதைப் படிப்பது என்பது அவரவர் விருப்பம்.

எங்கே பிரிகின்றன

முதல் வேறுபாடு நேரத்தில். பள்ளி நடக்கும் நாள்களை ஆண்டுக்கு 200 என்று கொண்டால், நாளுக்கு 10 நிமிடம் 33 மணி நேரத்துக்கு மேல் சேர்கிறது. வீட்டில் புத்தகமே இல்லாத மாணவருக்கும், மாலை முழுக்க விளையாட்டுப் பயிற்சியில் இருப்பவருக்கும் இது உறுதியாகக் கிடைக்கும் நேரம். பிப்லியோபேட்டில் எப்போதாவது நடப்பது. அதற்கான வாசிப்பை மாணவர் தம் சொந்த நேரத்தில் செய்துகொள்ள வேண்டும். ஆகவே ஏற்கெனவே படிப்பவருக்கே அது எளிதில் கைகூடுகிறது.

இரண்டாவது, மாணவர் பங்கேற்பில். காலை வாசிப்பில் எல்லோரும் சமம். ஆனால் யார் எதைப் படிக்கிறார் என்பது பக்கத்து இருக்கைக்குக்கூடத் தெரியாது. ஒரே பக்கத்தை ஒரு வாரமாக வெறித்துக்கொண்டிருப்பவரும் கணக்கில் வாசகர்தான். பிப்லியோபேட்டிலில் மாணவர் நூலைப் பரிந்துரைக்கும் இடத்துக்கு வருகிறார். ‘நல்ல நூல்’ எது என்று சொல்லும் வேலை, ஆசிரியரின் பட்டியலிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளையின் வாய்க்கு மாறுகிறது. அந்த வயதில் தோழர் சொல்லுக்கு உள்ள ஈர்ப்பு ஆசிரியர் சொல்லுக்கு இருப்பதில்லை.

மூன்றாவது, தோற்றுப்போகும் விதத்தில். தேர்வு நெருங்கினால் காலை 10 நிமிடம் சொல் தேர்வுக்கும் கணக்குப் பயிற்சிக்கும் பறிபோகும். நடுநிலை வரை பெரும்பாலான பள்ளிகளில் வேரூன்றிய இந்த வழக்கம், மேல்நிலைப் பள்ளிகளில் பாதியைக்கூட எட்டாததற்கு அதுவும் ஒரு காரணம். பிப்லியோபேட்டிலுக்கு ஆபத்து மேடையிலிருந்து வருகிறது. நன்றாகப் பேசத் தெரிந்த நான்கைந்து பேர் பேச, மற்றவர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்துவிட்டால், அது இன்னொரு பேச்சுப் போட்டிதான். இதற்கு மாற்றும் உண்டு. வகுப்பை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, எல்லோரையும் பேச வைக்கும் முறை அது. பேச்சை 3 நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளலாம். கூச்சப்படுபவர்கூட நான்கு பேர் முன்னால் பேசிவிடுவார்.

இடையில் நூலகம்

இரண்டு முறைகளும் பெரும்பாலும் வகுப்பறையில் நடப்பவை. நூலகத்தோடு இவற்றை இணைக்காவிட்டால் பலன் வகுப்பறைச் சுவரைத் தாண்டாது. 12 வகுப்புப் பிரிவுகளோ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளில் நூலக ஆசிரியர் கட்டாயம் என்பது 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பாடமும் நடத்துகிறவர்கள். நூலகத்துக்கு ஒதுக்க நேரம் குறைவு. பள்ளி நூலகர் என்ற பணிக்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததே 2014 திருத்தத்தில்தான். இந்த இடைவெளியில் நூலகத்துக்குக் கைகொடுப்பவர்கள் மாணவர் நூலகக் குழுவினர். வகுப்புக்கு ஓரிருவர் வீதம் தேர்ந்தெடுக்கப்படும் அவர்கள், மதிய இடைவேளையில் புத்தகம் கொடுத்து வாங்குகிறார்கள். கைப்பட எழுதிய அறிமுக அட்டைகளை அலமாரியில் வைக்கிறார்கள். நூலகச் செய்திமடல் தயாரிக்கிறார்கள்.

காலையில் புத்தகம் கொண்டுவர மறந்தவருக்காக வகுப்பில் இருக்கும் பெட்டியில் எந்த நூல்களை வைப்பது என்பதை இந்தக் குழுவிடம் விட்டுவிடலாம். பிப்லியோபேட்டிலில் பேசப்பட்ட நூல்களை, பேசியவரின் இரண்டு வரியோடு வாசலருகே அடுக்குவதும் அவர்களால் முடிந்த வேலைதான். அப்படிச் செய்தால் ஒரு வகுப்பில் பேசப்பட்ட புத்தகம் வேறொரு வகுப்பு மாணவரின் காலை வாசிப்புக்குப் போய்ச் சேரும். மௌன வாசிப்புக்கு நூலும், பேச்சுக்கு வாசகரும் இப்படித்தான் கிடைக்க வேண்டும்.

எது முதலில்?

படிக்காத மாணவர்கள் எல்லோரையும் ஒரே வகையாகப் பார்ப்பதில்தான் பல பள்ளிகள் தவறுகின்றன. நேரமும் பழக்கமும் இல்லாதவர் ஒரு வகை. நேரம் இருந்தும், தனக்கான புத்தகம் எது என்று தெரியாதவர் இன்னொரு வகை. முதலாமவருக்குக் காலை வாசிப்பு, இரண்டாமவருக்குப் பிப்லியோபேட்டில். ஒரே ஒன்றைத்தான் தொடங்க முடியும் என்றால் 10 நிமிடத்தையே தொடங்கலாம். பேசுவதற்கு ஒரு புத்தகம் படித்திருக்க வேண்டுமல்லவா? மேல்நிலை வகுப்புகளில் அந்த நேரத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், மாதம் ஒரு பாடவேளையில் நான்கு பேர் குழுப் பேச்சாவது நடக்கட்டும்.

எந்த முறையானாலும், பலனை அளக்க ஆண்டு முடிவில் எத்தனை புத்தகம் படித்தாய் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. போட்டியில் வென்ற நூலை நாலு பேர் தேடி வருவது இயல்பு. வாக்கில் தோற்ற நூல்களையும் யாராவது கேட்டு வாங்கிப் போகிறார்களா என்று நூலகக் குழு இரவல் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லட்டும். போகிறார்கள் என்றால், ஒரு மாணவர் சொல்லை நம்பி இன்னொரு மாணவர் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.