காவலூரின் பழைய பயில்வான்

2019 ஏப்ரலில் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 43. முதுகில் நான்கு முறை அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. அதற்கு முந்தைய பெரும் பட்டம் கிடைத்தது 2008-ல். இடையில் பதினோரு வருடம், "இனி எழுந்திருக்க மாட்டார்" என்று எழுதாத விளையாட்டுப் பத்திரிகை இல்லை. இந்தக் கதைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1949 பிப்ரவரியில் டெக்சாஸ் சாலையொன்றில் பென் ஹோகனின் காரும் ஒரு பேருந்தும் நேருக்கு நேர் மோதின. இடுப்பெலும்பு, காரையெலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. நடப்பதே சந்தேகம் என்றார்கள். பதினாறு மாதம் கழித்து, கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓபனை வென்றார். நம் பக்கத்தில் ஜீவ் மில்கா சிங் இருக்கிறார். காயங்களால் தரவரிசையில் எங்கோ கீழே போய்விட்ட அவர், 40 வயதில், 2012-ல் ஸ்காட்டிஷ் ஓபனைத் தட்டிக்கொண்டு வந்தார்.

ஜவ்வாது மலையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. சாமை விளையும் கொல்லைகள் உண்டு, பலா உண்டு, புளி உண்டு. மிச்சமிருக்கும் சந்தன மரங்களுக்கு வனத்துறையின் காவல் உண்டு. ஆனாலும் இந்த மலையில் ஒரு பழைய பயில்வான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பெரிய பந்தயங்களில் ஓடியது. இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. மறுபடி ஜெயிக்குமா என்ற கேள்வி அதைச் சுற்றியும் உண்டு. காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கிதான் அது. பழைய கணக்கில் நாற்பது அங்குலம்.

கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. 1861-ல் அங்கிருந்துதான் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். பிறகு அந்த வேலை கோடைக்கானலுக்கு நகர்ந்தது. 1899-ல் அங்கே சூரிய ஆய்வகம் அமைந்தது. சூரியனுக்குக் கோடைக்கானல் நல்ல இடம். இரவு வானத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, மேகம் வந்து உட்கார்ந்துவிடும்.

1960-ல் கோடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்தவர் மணாலி கல்லாட் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். மகன் இருபத்திரண்டு வயதுக்குள் ஒரு வால்நட்சத்திரத்தின் பெயரில் பங்கு வாங்கிவிட்டார்: பாப்பு–போக்–நியூகிர்க், 1949. நட்சத்திர நிறமாலையில் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்து அதன் உண்மையான ஒளிர்வைக் கணிக்கும் வழியை ஒலின் வில்சனோடு சேர்ந்து கண்டதால், 1957-லிருந்து உலகம் அதை 'வில்சன்–பாப்பு விளைவு' என்கிறது. அப்படிப்பட்டவருக்கு இரவு வானம் இல்லாத ஆய்வகம் எப்படிப் போதும்?

அவர் தேடிய இடத்துக்குச் சில நிபந்தனைகள். பூமத்தியரேகைக்கு அருகில் இருந்தால் தென்வானத்தின் பெரும்பகுதியும் கண்ணில் படும். ஊர் விளக்கு எட்டக் கூடாது. ஆனால் ஆளும் கருவியும் போய்வரச் சாலை எட்ட வேண்டும். ஆலங்காயத்திலிருந்து மலையேறும் வழியில், கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர் தேறியது. அட்சரேகை பன்னிரண்டரைப் பாகை. 1960-களின் கடைசியில், கோடைக்கானலிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து வேலையை ஆரம்பித்தார்கள். சுற்றிலும் புதர்க்காடு. பக்கத்தில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். 'மலையாளி' என்றால் இங்கே மலையை ஆள்பவர் என்றுதான் பொருள், கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பயில்வான் வந்தது 1972-ல். கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில், கார்ல் சைஸ் பட்டறையில் செய்தது. கண்ணாடியின் குறுக்களவு 102 சென்டிமீட்டர். இதன் இரட்டைப்பிறவி போல இன்னொன்று அதே காலத்தில் நைனிடாலுக்குப் போனது.

வந்த வருடமே முதல் பந்தயம். ஜூன் 7 அன்று வியாழனின் பெரிய நிலவான கனிமீட், ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போக இருந்தது. காற்றில்லாத பாறை உருண்டை மறைத்தால் நட்சத்திரம் விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று மறையும். காற்று இருந்தால் கொஞ்சம் தயங்கி மங்கும். இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் காவலூரிலும் பார்த்தார்கள். மங்கியது. கனிமீடுக்கு வாயு மண்டலம் உண்டு என்று அறிவித்தார்கள். இந்த வெற்றியில் ஒரு பாதியை மட்டும்தான் பின்னால் வந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1979-ல் வாயேஜர் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது, 1972-ல் கணித்த அளவுக்கு அங்கே வாயு இல்லை. 1990-களில் ஹபிள் தொலைநோக்கி மிக மெல்லிய ஆக்சிஜன் போர்வை ஒன்றைக் கண்டது. இருக்கிறது என்றது சரி. எவ்வளவு என்றதுதான் தப்பு.

இரண்டாவது பந்தயம் 1977 மார்ச் 10 இரவு, நள்ளிரவு தாண்டிய நேரம். இந்தத் தடவை யுரேனஸ், துலா ராசிப் பக்கம் இருந்த மங்கலான ஒரு நட்சத்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே, பெர்த்திலிருந்து கிளம்பிய நாசாவின் கைப்பர் விமானத்துக்குள் ஜேம்ஸ் எலியட்டின் குழு உட்கார்ந்திருந்தது. அந்த விமானத்தில் இருந்த கண்ணாடியும் ஏறக்குறைய இதே அளவுதான், 91 சென்டிமீட்டர்.

இந்த வேலையின் நுட்பம் வெளியில் தெரியாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்து யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடி குவித்த வெளிச்சம் ஓர் ஒளிமானிக்குள் போய் மின்னோட்டமாக மாறும். அதன் ஏற்ற இறக்கம் கோடாகப் பதிவாகும். இரவெல்லாம் நேராக ஓடும் அந்தக் கோட்டில், கிரகம் நட்சத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, ஒரு பள்ளம் விழுந்தது. சில நொடிகள்தான். மறுபடி நேரானது. மேகமா, கருவிக் கோளாறா, வேறு ஏதாவதா?

காவலூர்க் குழு அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று நினைத்தது. நேச்சர் இதழில் அப்படித்தான் கட்டுரையும் வெளியானது. விமானத்தில் இருந்தவர்களுக்கோ கிரகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பள்ளங்கள் கிடைத்தன. துணைக்கோள் என்றால் அப்படி இரண்டு பக்கமும் சமமாக விழாது. வளையம் என்றால்தான் விழும். சனிக்கு அடுத்தபடியாக வளையம் கொண்ட கிரகம் என்று யுரேனஸ் பாடப்புத்தகத்துக்குள் போனது. காவலூர் பார்த்தது உண்மை, நைனிடாலும் பார்த்தது. அதற்குச் சரியான பெயர் வைத்தது இன்னொருவர். முதலில் கோட்டைத் தொட்டவரையும் பதக்கம் வாங்கியவரையும் பிரித்துப் பேசுவது விளையாட்டில் எளிது, அறிவியலில் அவ்வளவு எளிதில்லை. ஆனாலும் மலைமேல் புதிதாக முளைத்த ஓர் ஆய்வகம், ஐந்து வருடத்துக்குள் இரண்டு தடவை உலகின் முன்வரிசையில் நின்றது என்பதில் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு வீட்டிலேயே ஒரு பெரிய தம்பி வந்தான். பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது, காவலூரை நடத்தும் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறை. குதிரைலாட வடிவத் தாங்கியோடு இரும்புச் சட்டகத்தைச் செய்தது மகாராஷ்டிராவின் வால்சந்த்நகர் தொழிற்சாலை. ஒரு மீட்டர் கண்ணாடியைவிட ஐந்து மடங்கு வெளிச்சம் பிடிக்கும். பாப்பு அதைப் பார்க்கவில்லை. உலக வானியல் சங்கத்தின் தலைவராக இருந்த அவர், சங்கத்தின் மாநாடு கிரேக்கத்தில் கூடியிருந்த நேரத்தில், 1982 ஆகஸ்ட் 19 அன்று மூனிக்கில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று காவலூர் வந்த ராஜீவ் காந்தி, தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார்.

பழைய பயில்வான் இரண்டாம் வரிசைக்குப் போனது. ஆனால் ஓயவில்லை. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. எஸ்என் 1987ஏ. ஏறக்குறைய நானூறு வருடத்தில் வெறுங்கண்ணுக்கு இவ்வளவு பிரகாசமாக ஒரு வெடிப்பு தெரிந்ததில்லை. காவலூரிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் எட்டு ஒன்பது பாகைதான் ஏறும், மரக்கிளை மறைக்கிற உயரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அதன் நிறமாலையை எடுத்தார்கள். அட்சரேகை பார்த்து இடம் பிடித்த பாப்புவின் கணக்கு, அவர் போன ஐந்தாவது வருடத்தில் பலித்தது. அடுத்த வருடம் அதே வளாகத்தில் இருந்த இன்னும் சின்னக் கருவி, 45 சென்டிமீட்டர் ஷ்மிட், ஆர். ராஜமோகனின் 'கல்கி' திட்டத்தில் ஒரு சிறுகோளைப் பிடித்தது. அதன் பெயர் இப்போது 4130 ராமானுஜன்.

சரி, காயம் எங்கே?

கண்ணாடிக்கு வயதாவதில்லை. இதைப் பலர் நம்புவதில்லை, ஆனால் 1972-ல் மெருகேற்றிய வளைவு இன்றும் அப்படியே இருக்கும். வயதாவது அதன் தோலுக்குத்தான். வெளிச்சத்தைத் திருப்புவது கண்ணாடி இல்லை, அதன்மேல் இருக்கும் அலுமினியப் பூச்சு. தூசியும் ஈரமும் மகரந்தமும் படிந்து அது மங்கும். அப்போது கண்ணாடியைக் கூண்டிலிருந்து கழற்றி இறக்குவார்கள். பழைய பூச்சை ரசாயனத்தால் கரைத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஒரு சொட்டுத் தடமும் இல்லாமல் உலர்த்துவார்கள். பிறகு வெற்றிடக் கலத்துக்குள் வைத்து மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மின்னிழைகளைப் பழுக்கக் காய்ச்சினால் அலுமினியம் ஆவியாகிக் கண்ணாடிமேல் படியும். பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கலத்தைத் திறந்தால் பயில்வானுக்குப் புதுத் தோல். பென் ஹோகனுக்கு இந்த வசதி இல்லை.

கண்ணும் மாறியது. புகைப்படத் தகடு போய், ஒளிமானி போய், மின்னணு உணரியான சிசிடி வந்தது. தகட்டில் விழுந்த வெளிச்சத்தில் சில சதவீதம்தான் பதிவாகும். சிசிடியில் பெரும்பகுதி பதிவாகிவிடும். அதே கண்ணாடி, அதே இடம், பார்வை மட்டும் பல மடங்கு கூர்மை. ஐம்பது வயது ஆட்டக்காரனுக்கு இருபது வயதுக் கண்ணை வைத்தாற்போல.

அப்படியானால் காயம் பட்டது யாருக்கு? ஆடுகளத்துக்கு. 1960-களில் பாப்பு பார்த்த ஜவ்வாது வானம் இன்றில்லை. அடிவாரத்தில் வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரும் வளர்ந்தன. நெடுஞ்சாலை அகலமானது. எல்லா விளக்கும் கொஞ்சம் மேலேயும் சிந்துகிறது. மேகம் பழைய எதிரி. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் டோமைத் திறக்காமலே கழியும் இரவுகள் உண்டு. ஜனவரியிலிருந்து மே வரைதான் நல்ல காலம். இதையெல்லாம் பார்த்துத்தான் நிறுவனம் லடாக்கின் ஹான்லேக்குப் போனது. 4,500 மீட்டர் உயரம், வறண்ட காற்று, கும்மிருட்டு. 2000-ல் அங்கே கண் திறந்த இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூரு பக்கத்தில் ஹோசகோட்டையில் உட்கார்ந்தபடியே இயக்குகிறார்கள். உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் வந்தது 2016-ல். நாட்டின் பெரிய தொலைநோக்கி என்ற பட்டமும் காவலூரை விட்டுப் போனது.

இங்கேதான் திரும்பி வருவது என்றால் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. விபத்துக்குப் பிறகு ஹோகன் எல்லாப் போட்டியிலும் ஆடவில்லை. கால் தாங்காது. பொறுக்கி எடுத்துச் சிலவற்றில் மட்டும் ஆடினார். 1953-ல் ஆடியவை ஆறு, வென்றவை ஐந்து, அதில் மூன்று பெரும் பட்டங்கள். காவலூர்ப் பயில்வானும் அதையேதான் செய்கிறது. மங்கலான தொலைதூர விண்மீன்கூட்டங்களுக்கு அது போட்டி போடுவதில்லை. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை வருடக்கணக்கில் விடாமல் கவனிக்க வேண்டும் என்றால், பெரிய தொலைநோக்கிகளில் அத்தனை இரவுகள் யாருக்கும் கிடைக்காது. இங்கே கிடைக்கும். 2014-ல் பக்கத்திலேயே 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வந்தது. அதற்கு ஜே. சி. பட்டாச்சார்யாவின் பெயர். 1977-ல் அந்தப் பள்ளத்தைப் பார்த்தவருக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. 1972-லும் 1977-லும் இந்தத் தொலைநோக்கி ஜெயித்தது அளவால் அல்ல. ஒரு நிழல் பூமியில் விழும் பாதையில், சரியான இரவில், திறந்த கண்ணோடு அது நின்றிருந்தது. அந்த ஆட்டம் இன்னும் பழையதாகவில்லை. 2013-ல் சரிக்ளோ என்ற சின்னஞ்சிறு கோளுக்கு வளையம் இருப்பதைத் தென் அமெரிக்காவில் இதே முறையில்தான் கண்டார்கள். அங்கே பார்த்தவற்றில் காவலூரைவிடச் சின்னக் கருவிகளும் இருந்தன. 2017-ல் ஹௌமியா, 2023-ல் குவாவர் என்று வளையங்கள் வரிசையாகச் சிக்கின. அடுத்த நிழல் ஜவ்வாது மலைமேல் விழாது என்று யார் சொன்னது? விழுகிற இரவில் மேகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

2022 டிசம்பரில் நிறுவனம் இந்தத் தொலைநோக்கிக்குப் பொன்விழா கொண்டாடியது. விழா முடிந்தது, பயில்வானுக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

தை மாத மாலையில் பொழுது சாய்ந்ததும் உதவியாளர் முதலில் பார்ப்பது வானத்தை இல்லை, ஈரப்பதமானியை. முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் பொத்தான். டோமின் இரண்டு கதவுகளும் உறுமிக்கொண்டு விலகும். பகல் முழுக்க உள்ளே அடைபட்ட சூடு வெளியேற ஒரு மணி நேரமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரம் கானல்போல ஆடும். அதுவரை கண்ணாடியின் மூடியைத் திறக்க மாட்டார்கள். கீழே, ஆலங்காயத்தில் அதற்குள் விளக்குப் போட்டுவிட்டிருப்பார்கள்.