சின்கோனா: ஓமியோபதி பிறந்த பட்டை

காப்பி, நுணா, வெட்சி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சின்கோனா, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட பசுமைமாறா மரம். அதன் கசப்பான பட்டையிலிருந்து இரண்டு வரலாறுகள் கிளைத்தன. முறைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவை உண்மையாகவே அடக்கிய மருந்தாக அது உலகெங்கும் பரவியது ஒன்று. ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் அதை உண்டு பார்த்ததிலிருந்து ஓமியோபதி பிறந்தது மற்றொன்று. இன்று ஓமியோபதி மருந்துக்கடைகளில் ‘சைனா’ என்ற பெயரில் விற்பது இந்தப் பட்டையிலிருந்து தொடங்கும் மருந்துதான். இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு முரண் கண்ணில் படும். பட்டையின் மருத்துவ வரலாறு முழுவதும் ‘எவ்வளவு கொடுப்பது’ என்ற கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது. அதில் பிறந்த ஓமியோபதியோ அந்தக் கேள்வியையே கைவிட்டது.

ஐரோப்பியர் வருமுன் ஆண்டிஸ் மக்களிடையே மலேரியா இருந்திருக்காது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். குளிரால் உண்டாகும் நடுக்கத்தை நிறுத்த அம்மக்கள் பட்டையைப் பயன்படுத்தினர் என்றும், அதைக் கண்ட இயேசு சபைப் பாதிரிமார் காய்ச்சல் நடுக்கத்துக்கும் கொடுத்துப் பார்த்தனர் என்றும் சொல்லப்படும் விளக்கம் ஏற்கத்தக்கது. பட்டையிலுள்ள குயினைனுக்குத் தசைகளைத் தளர்த்தும் இயல்பு உண்டு. நடுக்கத்தை நிறுத்துவதால் நடுக்கத்துக்கு மருந்து என்பதே அங்கிருந்த தர்க்கம். தென்னமெரிக்காவிலிருந்த ஸ்பெயின் ஆளுநரின் மனைவி இதனால் பிழைத்தார் என்ற கதையைத் தாவரவியலாளர் லின்னேயஸ் நம்பி 1742-ல் மரத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். பிற்கால ஆய்வில் அந்தக் கதை நிலைக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமாபுரியில் கர்தினால் ஹுவான் டி லூகோவின் ஆதரவோடு பட்டைத்தூள் ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. அதனுடன் அச்சிட்டுக் கொடுத்த குறிப்பிலேயே இத்தனை டிராக்ம் தூளை மதுவில் கலந்து இன்ன வேளையில் குடிக்க வேண்டும் என்று அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ டோர்ட்டி 1712-ல் பட்டைக்கு அடங்கும் காய்ச்சலையும் அடங்காத காய்ச்சலையும் பிரித்துக் காட்டினார். எல்லாக் காய்ச்சலுக்கும் இது மருந்தல்ல என்று கண்டறிந்தது, இது மருந்து என்று கண்டறிந்ததற்கு இணையான சாதனை.

ஆயினும் ஒரு மூட்டைப் பட்டை குணப்படுத்தும், அடுத்த மூட்டை ஏமாற்றும். 1820-ல் பாரிஸில் வேதியியலாளர்கள் பெல்லத்தியே, கவான்டூ இருவரும் குயினைனைப் பிரித்தெடுத்தபோதுதான் காரணம் புலப்பட்டது: பட்டையில் சத்து எவ்வளவோ அவ்வளவே குணம். இந்த வரலாற்றில் நீலகிரிக்கும் பங்கு உண்டு. ஆங்கிலேயர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் முன்னின்ற முயற்சியால் 1860-61-ல் வந்த விதைகளையும் கன்றுகளையும் கொண்டு உதகை, தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களைக் கவனித்த மக்ஐவர், மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடி, மீண்டும் பட்டை வளரச் செய்தார். நடுவட்டத்தில் சிறைக்கைதிகளின் உழைப்பும் இதில் சேர்ந்தது. மருந்தின் பெருமையைப் பேசும்போது இதை மறைக்கலாகாது. நீலகிரியில் மிகுதியாக வளர்ந்த செம்பட்டை வகையில் குயினைன் குறைவு, அதன் உறவான பிற ஆல்கலாய்டுகள் அதிகம். அவை பயன்படுமா என்று அறிய 1866 முதல் மதராஸ் மாகாணத்தில் ஓர் ஆணையம் நோயாளிகளிடம் சோதித்து, பயன்படும் என்று முடிவு சொன்னது. 1892 முதல் வங்காளத்து அஞ்சலகங்களில் குயினைன், அளந்து மடித்த பைசாப் பொட்டலமாக விற்கப்பட்டது.

இப்போது ஹானிமனுக்கு வருவோம். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் மருந்தியல் நூலை 1790-ல் மொழிபெயர்த்தபோது, பட்டை இரைப்பையை வலுப்படுத்திக் காய்ச்சலைத் தணிக்கிறது என்ற விளக்கம் அவருக்கு ஒப்பவில்லை. நலமாக இருந்த தம் உடம்பிலேயே சோதித்தார். நாளுக்கு இருவேளை, வேளைக்கு ஏறக்குறைய 15 கிராம் பட்டை. கைகால் குளிர்ச்சி, படபடப்பு, நடுக்கம், தாகம் என முறைக்காய்ச்சலின் குறிகள் தோன்றின என்று எழுதினார். 1796-ல் வெளியிட்ட கட்டுரையில் ‘ஒத்ததை ஒத்தது குணப்படுத்தும்’ என்ற விதியை முன்வைத்தார்; 1810-ல் ‘ஆர்கனான்’ நூலில் அதை முழு முறையாக்கினார். அந்த முதல் சோதனை கைநிறைய மருந்து உண்டு செய்த சோதனை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் பட்டையின் சாறான தாய்த்திரவத்தின் ஒரு துளியை 99 துளி சாராயத்தில் கலந்து குலுக்கி, அதில் ஒரு துளியை மீண்டும் அவ்வாறே கலப்பது வழக்கமாயிற்று. இப்படிக் கலக்கும் ஒவ்வொரு படியும் ஒரு ‘வீரியம்’ எனப்படும்; பன்னிரண்டாம் வீரியத்தைக் கடந்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பு அரிது. சைனா 30 என்பதில் கலவையின் விகிதம், ஒன்றுக்குப் பின் 60 சுழி இட்ட எண்ணில் ஒரு பங்கு.

ஹானிமன் பொய் சொன்னாரா என்று கேட்கலாம். அப்படிக் கருதத் தேவையில்லை. மிகுதியாக உண்டால் காதிரைச்சல், தலைவலி, குமட்டல் வருவது குயினைனின் அறியப்பட்ட விளைவு. சிலருக்கு ஒவ்வாமையால் காய்ச்சலும் வரலாம். ஆனால் பட்டை உண்ட நலமான மனிதர்களுக்கெல்லாம் முறைக்காய்ச்சல் வருவதில்லை. ஒருவருடைய உடம்பில் கண்டதை விதியாக்க முடியாது. அக்காலத்து மருத்துவர்கள் குருதி வடித்தும் பாதரசம் கொடுத்தும் வதைத்தபோது ஓமியோபதி நோயாளியை வதைக்கவில்லை என்பது நேர்மையான வாதம்; அதை ஒப்புக்கொள்கிறேன். தீங்கு செய்யாமை பெருங்குணம், ஆனால் அது நோயை நீக்கியதற்குச் சான்று ஆகாது. சைனா மலேரியாவுக்கு மட்டும் கொடுப்பதல்ல, குருதியிழப்புக்குப் பின் வரும் சோர்வு, வயிற்று உப்புசம் போன்றவற்றுக்கும் கொடுப்பது என்று ஓமியோபதியர் சொல்வதும் உண்மையே. ஆயினும் அந்தப் பட்டியலுக்கு அடிப்படையும் அதே ஒப்புமை விதிதான். 1880-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். சிவப்பணுவுக்குள் அது உண்ணும் ஹீமோகுளோபினின் நச்சுக்கழிவை அதனால் முடக்க இயலாதபடி தடுத்தே குயினைன் அதைக் கொல்கிறது. நோய்க்குறியைப் போலிசெய்வதற்கு அங்கே எந்த வேலையும் இல்லை. போதிய குயினைன் குருதியில் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஓமியோபதிச் சர்க்கரை உருண்டைகளை நம்பி வெப்பநாடுகளுக்குப் போய் மலேரியாவோடு திரும்பிய பயணிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியுள்ளன. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா, காசநோய், எய்ட்ஸ், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு ஓமியோபதியை நம்ப வேண்டாம் என எச்சரித்தது. கடுமையான மலேரியாவுக்கு இன்று ஆர்ட்டிசுனேட் ஊசியே முதன்மை மருந்து. குயினைன் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டது. குளிரும் நடுக்கமுமாக விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்துகொள்ளுங்கள்.