பொம்மை ஸ்ட்ரீம்லைனர் ரயில்கள்: மறுதயாரிப்பின் வரலாறு

1930களில் அமெரிக்காவில் விற்பனையான ஸ்ட்ரீம்லைனர் (காற்றில் வழுக்கிச் செல்லும் வடிவம் கொண்ட) பொம்மை ரயில்களை அதே அளவில், அதே நிறத்தில் புதிதாகச் செய்து சேகரிப்பாளர்களுக்கு விற்கும் சிறு தொழில் இது. 1970களிலிருந்து வளர்ந்தது. நிஜ ரயிலைத் துல்லியமாகச் சுருக்கிக் காட்டும் மாதிரிக் கலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே அசல் என்பது பொம்மைதான். பழைய தொழிற்சாலை வசதிக்காகப் பெட்டியின் நீளத்தைக் குறைத்திருந்தால், மறுதயாரிப்பிலும் அது குறைந்தே இருக்க வேண்டும். திருத்தி அழகாக்கினால் வாங்க ஆள் இருக்காது.

கதையின் வேர் 1934ஆம் ஆண்டில் இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தால் பயணிகள் குறைந்துபோன ரயில் நிறுவனங்கள் புதுமையைக் காட்டிக் கூட்டத்தை மீட்கப் பார்த்தன. பிப்ரவரியில் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் எம்-10000 வந்தது: அலுமினிய உடல், மஞ்சளும் பழுப்புமான பூச்சு, காற்றில் வழுக்கிச் செல்லும் உருண்ட முகம். ஏப்ரலில் பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் கட்டிய பர்லிங்டன் செஃபிர் வந்தது. மே 26 அன்று அது டென்வரிலிருந்து சிகாகோ வரையான 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் ஓடிக் கடந்தபோது வழிநெடுகக் கூட்டம் நின்றது.

பொம்மை நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. அதே மே மாதம் நீதிமன்றப் பொறுப்பாளர்களின் கைக்குப் போன லயனல் நிறுவனம், அந்த ஆண்டே எம்-10000ஐ 752ஈ என்ற எண்ணில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வழக்கமான ஓ கேஜ் (தண்டவாள அகல வகை) வட்டப் பாதையின் விட்டம் ஏறத்தாழ 31 அங்குலம். இந்த ரயில் திரும்ப 72 அங்குலம் வேண்டும். ரயில் வாங்கியவர் தண்டவாளத்தையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. லயனலைக் காப்பாற்றியது ஒரு டாலர் விலையுள்ள மிக்கி மவுஸ் கைவண்டிதான் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மலிவான அந்தப் பொம்மையில் லாபம் எவ்வளவு நின்றிருக்கும்? ஸ்ட்ரீம்லைனருக்கும் அதில் பங்கு உண்டு என்று கருதுவதே பொருத்தம். சிகாகோவின் அமெரிக்கன் ஃப்ளையர் வார்ப்பு அலுமினியத்தில் செஃபிரைச் செய்தது. லூயி மார்க்ஸ் நிறுவனம் லித்தோ அச்சிட்ட தகரத்தில் எம்-10000இன் மலிவுப் பதிப்பை விற்றது. 1935இல் லயனல் ஃப்ளையிங் யாங்கியையும், உறை போர்த்திய நீராவி எஞ்சினோடு ஹயவாதாவையும் தன் ஸ்ட்ரீம்லைனர் வரிசையில் சேர்த்தது.

1942இல் இரண்டாம் உலகப் போர் காரணமாக உலோகப் பொம்மைத் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு நிஜமான எம்-10000ம் உடைத்து உருக்கப்பட்டது. செஃபிர் மட்டும் சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எம்-10000ஐக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புபவருக்குப் பொம்மையை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் பொம்மைக்கும் ஒரு நோய் இருந்தது. அக்காலத் துத்தநாக வார்ப்பில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், பல ஆண்டு ஈரக் காற்றில் உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடும். வார்ப்பு முதலில் ஊதும், பிறகு வெடிக்கும், கடைசியில் விரல் பட்டாலே உதிரும். தகர உடல் புதிதுபோல் பளபளக்க, சக்கரம் மட்டும் பொடியாகக் கிடக்கும் பெட்டிகள் ஏராளம். அதனால் முழு ரயிலுக்கு முன்பே உதிரிப்பாகச் சந்தை பிறந்தது: சக்கரம், இணைப்புக் கொக்கி, விளக்குமூடி போன்றவை.

நகலெடுப்பதும் எளிதல்ல. நோயுற்ற வார்ப்பை அளந்தால் ஊதிய அளவுதான் கிடைக்கும். நல்ல வார்ப்பிலிருந்து நேரடியாக அச்செடுத்தாலோ, உலோகம் ஆறும்போது சுருங்கி நகல் சற்றே சிறுத்துவிடும். திருட்டு நகல்களைக் கண்டுபிடிக்க இந்தச் சுருக்கமே துப்பு. நிறத்துக்கு வெளிப்புறத்தை நம்ப முடியாது. வெயில் படாத மடிப்புகளில் எஞ்சிய பூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

1954இல் தொடங்கிய ரயில் சேகரிப்பாளர் சங்கம், மறுதயாரிப்புகளில் அழியாத அடையாளம் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அடையாளம் இல்லாத நல்ல நகல் இரண்டு கை மாறினால் அசலாகிவிடும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் தொழிலே மோசடியாகப் போயிருக்கும்.

1971இல் மேரிலாந்தில் ஜெர்ரி வில்லியம்ஸ் தொடங்கிய நிறுவனம், லயனல், ஐவ்ஸ் ஆகிய பொம்மை நிறுவனங்களின் பழைய ஸ்டாண்டர்ட் கேஜ் ரயில்களை மறுதயாரித்தது. அங்கே சிறுவனாக வேலைக்குச் சேர்ந்த மைக் வுல்ஃப் 1980இல் எம்.டி.எச். நிறுவனத்தைத் தொடங்கி, வில்லியம்ஸின் அச்சுக் கருவிகளையும் வாங்கிக்கொண்டார். 1986இல் லயனலை வாங்கிய ரிச்சர்ட் குன் தானே பெரிய சேகரிப்பாளர். லயனல் கிளாசிக்ஸ் வரிசையில் 1988இல் ஹயவாதா திரும்பி வந்தது. தயாரிப்பு கொரியாவுக்கு நகர்ந்தது. தன் பழைய பொம்மையை லயனலே மறுதயாரிக்கும்போது அது நகலா, இரண்டாம் பதிப்பா என்ற வாதம் சேகரிப்பாளர்களிடையே இன்றும் ஓயவில்லை. பெட்டியில் இருக்கும் பெயரைவிடத் தயாரித்த ஆண்டே முக்கியம் என்பவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல்.

லயனலும் அதற்காக ரயில்கள் செய்துகொடுத்து வந்த எம்.டி.எச்.சும் 1993இல் பிரிந்தன; பின்னாளில் தகராறு வணிக ரகசிய வழக்கு வரை போனது. வழக்கு 2008இல் சமரசத்தில் முடிய, 2009 முதல் லயனலின் உரிமம் பெற்று அதன் போருக்கு முந்தைய தகர ரயில்களை எம்.டி.எச். செய்தது. இம்முறை வாங்குபவருக்குத் தேர்வும் இருந்தது: பழைய பாணி மோட்டார் வைத்த பதிப்பு ஒன்று, உள்ளே மின்னணு ஒலியும் தொலைக் கட்டுப்பாடும் ஒளித்த பதிப்பு ஒன்று. மறுதயாரிப்பு வந்தால் நடுத்தர நிலையிலுள்ள அசலின் விலை இறங்குவது வழக்கம்; நோய் தொடாத, அட்டைப்பெட்டியோடு கிடைக்கும் அசலை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

வுல்ஃப் ஓய்வு பெறப்போவதாக 2020இல் எம்.டி.எச். அறிவித்தது. அதன் அச்சுக் கருவிகளில் ஒரு பகுதி அட்லஸ், ஸ்கேல்ட்ரெயின்ஸ் போன்ற நிறுவனங்களுக்குக் கை மாற, எஞ்சியவற்றோடு சிறிய அளவில் அது தொடர்கிறது.