சோரிஞ்சி கெம்போவும் காஞ்சித் தொடர்பும்: சான்றுகளின் மறுவாசிப்பு

காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமரே ஷாவோலின் தற்காப்புக் கலையைத் தோற்றுவித்தவர் என்றும், சப்பானியத் தற்காப்புக் கலைகளுக்கும் அதுவே மூலம் என்றும் தமிழ்ச் சூழலில் ஒரு கருத்து வழங்குகிறது. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் இதனைப் பரவலாக்கியது. இக்கருத்தின் வரலாற்று அடிப்படையைச் சோரிஞ்சி கெம்போ என்னும் சப்பானியக் கலையின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

போதிதருமரைப் பற்றிய தொடக்ககாலச் சான்றுகள் ஒருமித்தவை அல்ல. கி.பி. 547 அளவில் லுவோயாங் நகரின் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்ஷி அவரைப் பாரசீகத் துறவி என்கிறார். அவருடைய மாணவராகக் கருதப்படும் தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 1004ஆம் ஆண்டின் ஜென் வரலாற்று நூலில் காணப்படும் ‘சியாங்ஷி’ என்னும் பெயரைக் காஞ்சியாகக் கொள்வது பிற்கால ஊகமே. யாங் சுவான்ஷியோ தான்லினோ அவரைப் போர்க்கலை ஆசானாகக் காட்டவில்லை. 621இல் ஷாவோலின் துறவியர் தாங் அரசுக்குத் துணைநின்று போரிட்டதைக் கூறும் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அவ்வாறு காட்டவில்லை. உடற்பயிற்சியை அவரோடு இணைக்கும் ‘யிஜின் ஜிங்’ 1624ஆம் ஆண்டைச் சார்ந்தது. தொன்மை காட்டும் அதன் முன்னுரைகள் போலியானவை.

சோரிஞ்சி கெம்போவை 1947இல் ககாவா மாநிலத்தின் ததோட்சு ஊரில் சோ தோஷின் நிறுவினார். ‘சோரிஞ்சி’ என்பது ‘ஷாவோலின் மடம்’ என்பதன் சப்பானிய ஒலிப்பு. 1936இல் அம்மடத்தின் சுவரோவியத்தில் கரிய நிறத்தவரும் வெளிர் நிறத்தவருமான துறவியர் இணைந்து பயில்வதைக் கண்டதாகவும், அவர்களை இந்தியரும் சீனருமாகக் கொண்டதாகவும் அவர் குறிப்பிட்டுள்ளார். அவ்வோவியமோ சிங் அரச மரபுக் காலத்தது. ஆறாம் நூற்றாண்டு நிகழ்வுக்கு அது சான்றாகாது. எனினும் போரில் தோற்ற நாட்டின் இளைஞரை நெறிப்படுத்த விழைந்த அவருக்கு அக்காட்சி ஓர் அறமாயிற்று. கைப்போரும் தியானமும் ஒன்றே என்பதும், வலிமையும் அன்பும் பிரியாதவை என்பதும் இக்கலையின் கோட்பாடுகள்.

ஆகவே இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். போதிதருமர் வழிவந்ததாகக் கருதப்படும் ஜென் நெறி இக்கலைக்கு ஆன்மிக மூலமாக அமைந்தது; இஃது உறுதி. போர் நுட்பங்கள் காஞ்சியிலிருந்து சென்றன என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. இவ்வேறுபாட்டைப் பேணுவது தமிழின் பெருமையைக் குறைப்பதாகாது. சிலம்பத்தின் வரலாற்றை அதற்குரிய சான்றுகளைக் கொண்டே எழுதுவதற்கு அது வழிவகுக்கும்.