பர்லாங்கு: எருது திரும்பும் தூரம்

வழி கேட்டால் "இப்படியே நேரா ரெண்டு பர்லாங்கு போங்க" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். மெட்ரிக் அளவு வந்து கிலோமீட்டர் கல் நடுவதற்கு முன், நம் நெடுஞ்சாலைகளில் மைல்கற்களுக்கு இடையே பர்லாங்குக் கற்களும் நின்றன. எட்டு பர்லாங்கு ஒரு மைல் என்பது பள்ளிக்கூட வாய்பாடு. அதனால் இதைச் சாலைக்காரர்களின் சொல் என்றே நினைத்துவிடுகிறோம். இது உழவர்களின் சொல்.

பழைய ஆங்கிலத்தில் உழவுசாலைக் குறிக்கும் சொல்லும் 'நீளமான' என்ற சொல்லும் ஒட்டிப் பிறந்ததுதான் பர்லாங்கு. ஒரு சாலின் நீளம், அவ்வளவே. கணக்கில் அது 220 கெஜம். 201 மீட்டருக்குச் சற்று அதிகம்.

ஒரு சால் ஏன் இத்தனை நீளம் போகவேண்டும்? இரண்டு மாடு பூட்டிய நம் ஏர் வரப்பை ஒட்டிப் போய்ச் சட்டெனத் திரும்பிவிடும். இடைக்கால இங்கிலாந்தின் களிமண்ணைப் புரட்ட வேண்டியிருந்ததோ கனமான கலப்பை. அதற்கு எட்டு எருது வரை பூட்டினார்கள். நாலு ஜோடி வரிசையாக நிற்கும் அந்தப் பட்டாளத்தைத் திருப்புவதே பெரும்பாடு. ஆகவே முடிந்தமட்டும் நேரே ஓட்டி, திருப்பத்தைக் குறைத்துக்கொண்டார்கள். வயல் கடைசிக்கு வருமுன்பே முன்ஜோடியை ஒரு பக்கமாக ஒடிக்கவேண்டியிருந்ததால் சால்கள் முழு நேராக இராமல் லேசாக நெளிந்தன. நடு இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் சிலவற்றில், மாலை வெயில் சாய்வாக விழும்போது, அந்த நெளிவுகளைப் புல்லுக்கடியில் இன்றும் பார்க்கலாம்.

நீளம் ஒரு பர்லாங்கு, அகலம் 22 கெஜம்: இது ஒரு ஏக்கர். ஓர் ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலம் என்பது பழைய கணக்கு. அந்த 22 கெஜம்தான் பின்னால் நில அளவையாளரின் சங்கிலியாயிற்று. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அதுவே. நாம் ஏக்கர் கணக்கில் நிலம் பேசும்போதெல்லாம் அந்த எருதுகள் பின்னால் நிற்கின்றன.

மைல் கதை இதைவிட வேடிக்கை. ரோமானியர் மைல் 5,000 அடி. பர்லாங்கோ 660 அடி. எட்டால் பெருக்கினால் 5,280 வருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பர்லாங்கைக் குறைத்தால் நாட்டிலுள்ள நிலப் பத்திரமெல்லாம் குழம்பும். எனவே மைலை நீட்டினார்கள். லண்டன் வாசல்களிலிருந்து மூன்று மைலுக்குள் புதுக்கட்டடம் கூடாது என்று 1593இல் முதலாம் எலிசபெத் காலத்தில் வந்த சட்டம், போகிறபோக்கில் மைல் என்றால் எட்டு பர்லாங்கு என்று எழுதிவைத்தது. பேரரசின் சாலை உழவுசாலுக்கு வளைந்துகொடுத்தது என் கண்ணுக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

சரி, அந்தச் சால் ஓடிய வயல் எங்கே? பெரும்பாலும் இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் சட்டத்துக்குமேல் சட்டம் போட்டுத் திறந்தவெளி வயல்களை வேலிகட்டித் துண்டாக்கியது. அதற்குத் தப்பிய மிகச் சில ஊர்களில் பேர்பெற்றது நாட்டிங்காம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூர்.

லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். நடுவே வேலி கிடையாது. குத்தகைக்காரர்களின் நிலம் நீண்ட பட்டைகளாக மூன்றிலும் சிதறிக் கிடக்கும்; நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லோருக்கும் பங்கு. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகால விதைப்பு, ஒன்று தரிசு. ஆண்டுதோறும் முறை மாறும். ஒரே திசையில் ஓடும் பட்டைகளின் தொகுதிக்கு இங்கே பர்லாங்கு என்றே பெயர். சாலையில் அது நீளம். லாக்ஸ்டனில் அது இடம். அப்போது ஊரின் நிலச் சொந்தக்காரராயிருந்த சர் வில்லியம் கோர்ட்டனுக்காக நில அளவையாளர் மார்க் பியர்ஸ் 1635இல் வரைந்த ஊர் வரைபடம் இந்தப் பட்டைகளை ஒன்றுவிடாமல் காட்டுகிறது. அது இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பட்டைகளைச் சேர்த்து அகலமாக்கினார்கள். எருதுகள் போய் டிராக்டர் வந்து நாளாயிற்று.

வேலியில்லாத வயலில் பக்கத்துக்காரன் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது உலக வழக்கம். அதற்குத்தான் ஊர் ஜூரி. நவம்பர் முடிவையொட்டி ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிவந்து, எல்லையில் முளையடிப்பார்கள். பொதுப்பாதையையோ, 'சைக்' எனப்படும் உழக்கூடாத புல்தரையையோ சேர்த்து உழுதவர் மாட்டிக்கொள்வார். ஒரு வாரம் கழித்து 'டவ்கோட் இன்' மதுக்கடையில் 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம் கூடி, அபராதம் போட்டு, அடுத்த ஆண்டு ஜூரியையும் அமர்த்தும். கச்சேரி நடத்த நல்ல இடம்தான்!

மான்வெர்ஸ் பிரபு 1952இல் இந்த நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் அந்தப் பிரபுவின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கிக்கொண்டது. இடையில் 1977இல் இத்தகைய பழைய பண்ணை நீதிமன்றங்களின் அதிகாரத்தை ஒரு சட்டம் மொத்தமாகப் பிடுங்கியது. ஆனால் லாக்ஸ்டன் கோர்ட்டின் வயல் நிர்வாகத்தை மட்டும் அதே சட்டம் விட்டுவைத்தது. ஆகவே சைக் ஓரமாக ஓரிரு அடி கூடுதலாக டிராக்டர் ஓட்டியவருக்கு அங்கே விழும் அபராதம் திருவிழா வேடிக்கையல்ல, சட்டப்படியே விழுகிறது.