துவரும் தோலும் தீவனமும்

அறுசுவைகளுள் துவர்ப்பை விரும்புவோர் மிகச் சிலரே. கடுக்காயைக் கடித்தவுடன் நா உலர்ந்து போவதை நாம் அறிவோம். எச்சிலில் உள்ள புரதத்தைக் கடுக்காயின் துவர்ப்பொருள் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணமாகும். இத்துவர்ப்பொருளை விஞ்ஞானிகள் டானின் என்பர். புரதத்தைப் பற்றும் இந்த ஒரு குணத்தினாலேயே பாலாற்றங்கரையில் ஒரு பெருந்தொழில் எழுந்தது. அதே குணத்தினால் அது கால்நடைகளுக்கு ஒருகால் தீங்காகவும் ஒருகால் நன்மையாகவும் அமைகின்றது. தோலின் வரலாற்றையும் தீவனத்தின் வரலாற்றையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க மாணவர்களை அழைக்கின்றேன்.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் 2019 வரை வேலூர் மாவட்டம் என்ற ஒரே பெயரின்கீழ் இருந்தன. இன்று அவை மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துள்ளன. இப்பகுதியில் தோல் தொழில் வேரூன்றியது தற்செயலன்று. ஆற்றுப் படுகையில் நீர் இருந்தது. வறண்ட மேட்டுநிலங்களில் ஆடுமாடுகளும் ஆவாரைச் செடியும் மிகுந்திருந்தன. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், சென்னைத் துறைமுகம் அணித்தாயிற்று.

அக்காலத்துப் பதனிடு முறை பொறுமையை வேண்டியது. பச்சைத் தோலை நீரில் ஊறவைப்பர். பின்னர்ச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரையும் சதையையும் நீக்குவர். அதன்பின் ஆவாரம்பட்டை ஊறிய நீரில், மெல்லிய சாற்றிலிருந்து செறிந்த சாற்றுக்குப் படிப்படியாக மாற்றுவர். பட்டையின் துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளைப் பிணைத்துவிடும். பின்னர் அத்தோல் அழுகுவதில்லை. ஆவாரையால் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும் இயல்புடையது. அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, புங்க எண்ணெய் தடவுவர். இவ்வாறு பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தையை அடைந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகளுக்கு அது பெருமளவில் பயன்பட்டது.

ஆவாரையை ஆடுமாடுகள் பொதுவாக மேய்வதில்லை. மேய்ச்சல் மிகுந்த புறம்போக்கு நிலத்திலும் அது மஞ்சள் பூக்களுடன் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆட்டின் வாய்க்குத் தப்பிய செடியே ஆட்டின் தோலைக் காத்து நின்றது! இத்தொழிலின் வரலாற்றை ஆராய்கையில் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்திய உண்மை இதுவே.

தொழில் வளர வளர ஆவாரம்பட்டை போதவில்லை. அப்பட்டையின் எடையில் 100க்கு 15 முதல் 20 பங்கு வரையே துவர்ப்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வாட்டில் மரத்தின் பட்டையிலோ 30 முதல் 40 பங்கு வரை உண்டு. 1864இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நடப்பட்ட அம்மரம் அங்கே பெருந்தோட்டப் பயிராயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அதன் பட்டை கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அயல்நாட்டுப் பட்டையை நம்பியிராமல் நாமே வளர்ப்போம் என்ற எண்ணத்தில் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் தோட்டங்கள் விரிவாக்கப்பட்டன.

நோக்கம் நன்றே; விளைவோ நன்றாய் அமையவில்லை. நீலகிரியின் புல்வெளிகள் பயனற்ற தரிசல்ல; தோதவர்களின் எருமைகள் தொன்றுதொட்டு மேய்ந்த நிலம். வாட்டில் நட்ட இடத்தோடு நில்லாமல் தானே பரவிப் புல்லை மூடியது. மேய்ச்சல் குறுகியது, எருமைகளும் குறைந்தன. ஆம்பூர்த் தொட்டிகளின் தேவைக்கு, தொலைவில் இருந்த ஒரு குடியினர் தம் மேய்ச்சல் நிலத்தை விலையாகக் கொடுத்தனர் என்று சொல்வதில் தவறில்லை. பரவிய வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி இன்று நடைபெற்று வருகின்றது.

இதற்கிடையே பட்டைக்குப் போட்டியாகக் குரோம் உப்பு வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்தார். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அக்காலத்துத் தொழிற்சாலையின் நினைவே. 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்னையில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1970களில் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுதும் பதனிட்ட தோலை ஊக்குவித்தபின், குரோம் முறை பாலாற்றங்கரையெங்கும் பரவியது. பட்டைக்கு வாரங்கள் தேவைப்பட்ட வேலையைக் குரோம் சில நாட்களில் முடித்தது. ஆனால் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கு இவ்வேலூர்ப் பகுதி மக்கள் தொடுத்தது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

இனித் தீவனத்தைக் காண்போம். ஆவாரை, வாட்டில், கருவேல், வெள்வேல் யாவும் அவரையினத்தைச் சேர்ந்தவை. தீவனப் பயிர்களான குதிரைமசாலும் சூபாபுலும் அவ்வினமே. தோல் தொட்டியில் நிகழும் பிணைப்பே மாட்டின் முதல் இரைப்பையிலும் நிகழ்கின்றது. தீவனத்தின் உலர் எடையில் 100க்கு 5 பங்கிற்கு மேல் துவர்ப்பொருள் இருப்பின், பொதுவாக உண்ணும் அளவு குறைந்து செரிமானமும் கெடும். 2 முதல் 4 பங்கு வரை இருப்பின் பெரும்பாலும் நன்மையே. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்காதவாறு துவர்ப்பொருள் பற்றிக்கொள்ளும்; அமிலம் மிகுந்த நான்காம் இரைப்பையில் பிடியைத் தளர்த்தும்; அப்புரதம் குடலில் உடலுக்குச் சேரும். துவர்ப்பற்ற குதிரைமசாலை மிகுதியாக மேய்ந்த மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஊறு நேர்வதுண்டு. துவர்ப்புள்ள ‘லோட்டஸ்’ என்னும் தீவனப் பயிர் அத்தீங்கைச் செய்வதில்லை. நியூஸிலாந்து அறிஞர்கள் இப்பயிரை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

எனினும் அளவறிந்து ஊட்டும் வழக்கம் நம் உழவர்க்குப் புதிதன்று. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல நெற்றும் கலந்தே மாடுகளுக்குக் கிடைக்கும். துவர்ப்பு ஒன்றையே உண்ண நேர்வதில்லை. ஆவாரை, வாட்டில், குரோம் என்னும் மூன்றும் அளவோடு நின்றவரை உதவின. அளவு மீறியபோது மலையையும் ஆற்றையும் வருத்தின. ஒரு பொருளைப் பயன்படுத்தத் தொடங்குமுன், அது எங்கிருந்து வருகின்றது, எங்கே போய்ச் சேர்கின்றது என்ற இரு கேள்விகளையும் நீங்கள் கேட்டுப் பழகுங்கள்.